ஒண்ணேகால் நிமிஷமும் எட்டு மாசமும்

என் மகளுக்குப் பத்து வயது. போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம், காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவளை ஒருவன் வேனில் ஏற்றப் பார்த்தான். ஏற்ற முடியவில்லை. பிறகு கிடைத்த கேமராப் பதிவில் வேன் நின்றதிலிருந்து கிளம்பியது வரை 1 நிமிடம் 15 நொடி. அதன் பின்னால் எட்டு மாதம் ஓடிவிட்டது, பணமாக 1,68,100 ரூபாய் போயிருக்கிறது. அவள் அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். இங்கே நான், என் மாமியார், இவள், ஆறு வயசுத் தம்பி. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, வக்கீல், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் அலைந்தேன். யாராவது முதல் மூன்று நாளிலேயே சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்கும் என்று நினைத்ததையெல்லாம் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இடம் புரியும். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். பக்கவாட்டுத் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் நீளச் சுவர்தான், ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் அவ்வளவு தூரம். பாதி வீடு பூட்டிக் கிடக்கும், கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்றால்தான் திறப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அழகாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்கிற தெருதான், ஒரு பிள்ளை கத்தினால் கேட்க ஆளில்லாத தெருவும் அதுதான். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பேர் எப்படித் தெரியும் என்று நாங்கள் இரண்டு நாள் சொந்தக்காரர்களையெல்லாம் சந்தேகப்பட்டோம். சைக்கிளின் பின் மட்கார்டில் அவள் பேரை ஸ்டிக்கர் கடையில் எழுதி ஒட்டியதே நான்தான். "உங்கப்பா ஊர்ல இருந்து வந்துட்டாரு, ஏர்போர்ட்லருந்து வர்ற வழியில ஆக்சிடென்ட், ஆச்சிதான் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றிருக்கிறான். எங்கள் வீட்டில் என் மாமியார் அவளுக்கு அப்பத்தா. இந்தப் பக்கம் வயசான அம்மாவை வெளியாட்கள் எல்லோரும் ஆச்சி என்பதால் இவனும் அப்படியே சொல்லிவிட்டான். "எந்த ஆச்சி?" என்று இவள் கேட்டதும் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இவள் சைக்கிளை விடவில்லை. இரண்டு கையையும் ஹேண்டில்பாருக்கு ஊடே விட்டுக் கோத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையைத் தூக்குவது சுலபம், சைக்கிளோடு சேர்த்து வேனின் சைடு கதவுக்குள் திணிப்பது சுலபமில்லை. அதற்குள் ஒரு பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா பின்கதவைத் திறந்து எட்டிப் பார்க்க, விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த அக்கா பிறகு சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. "கத்துன சத்தம் கேட்டுச்சு தாயி, பிள்ளை ஏதோ அடம் பிடிக்குது, அப்பன்காரன் இழுத்துட்டுப் போறான்னு நெனச்சேன்." அதனால் பிள்ளைகளுக்கு வெறுமனே கத்தச் சொல்லிக் கொடுக்காதீர்கள். "இவரு எங்கப்பா இல்லை, யாருன்னே தெரியாது" என்ற முழு வாக்கியத்தை நாலு தடவை வாய்விட்டுக் கத்திப் பழக்குங்கள். நாங்கள் இப்போது வீட்டுக்குள்ளேயே கத்த வைக்கிறோம், முதலில் வெட்கப்படுவார்கள். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடச் சொல்லுங்கள், வேன் திரும்பிவர நேரமாகும். வீட்டுக்கு என்று ஒரு ரகசிய வார்த்தை வைத்து, அதைச் சொல்லாத யாரோடும், சித்தப்பாவே ஆனாலும், போகக்கூடாது என்று சொல்லி வையுங்கள். பையிலும் சைக்கிளிலும் பேர் வெளியே தெரியக்கூடாது, உள்பக்கம் எழுதுங்கள். எங்கள் ஊர் மாதிரி இடமென்றால் பிள்ளையோடு ஒரு தடவை நடந்துபோய், எந்தெந்தக் கதவுக்குப் பின்னால் பகலில் ஆள் இருக்கும் என்று காட்டிவிடுங்கள். நாங்கள் நடந்து எண்ணியபோது அந்தத் தெருவில் பதினாலு கதவில் மூன்றுதான் தேறியது.

இனி நான் செய்த தப்புகள். அவள் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளைக் குளிப்பாட்டியது. தலையோடு தண்ணீர் ஊற்றி, மண்ணும் கிரீஸும் பட்ட பாவாடை சட்டையை ஊறப்போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் அவன் கையை அவள் கீறியிருக்கிறாள், அந்த நகக்கண்ணில் இருந்தது போனது போனதுதான். குளிப்பாட்டாமல், நகம் வெட்டாமல், உடுப்பை மாற்றத்தான் வேண்டுமென்றால் கழற்றியதைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடித்துவிடும். மணிக்கட்டில் அன்று லேசான சிவப்புதான் இருந்தது, ஒன்றுமில்லை என்று நினைத்தேன். மறுநாள் நாலு விரல் தடம் ஊதா நிறத்தில் தெரிந்தது. கன்றிப்போன இடத்தை அன்றைக்கும், 24 மணி நேரம் கழித்தும், 48 மணி நேரம் கழித்தும் படம் எடுங்கள், பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து ஒன்று, முகம் தெரியாமல் கை முழுதும் தெரிய ஒன்று. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள், ஏ.ஆர். காப்பி என்பார்கள். நான் பக்கத்துக் கிளினிக்கில் களிம்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அந்தச் சீட்டில் 'கையில் வலி' என்று மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, போன். என் கையில் போன் வந்ததும் சிங்கப்பூருக்கு அடித்தேன், பிறகு நாத்தனாருக்கு, பிறகு என் அண்ணனுக்கு. 112-க்கு அடித்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தைகளுக்கான 1098-ம் இப்போது 112-உடன் இணைந்துதான் வேலை செய்கிறது, எதற்கு அடித்தாலும் சரி. முக்கியம், அழைத்த நேரம் பதிவாகிவிடும், "ஏன் உடனே சொல்லலை" என்று பிறகு யாரும் கேட்க முடியாது. அடித்ததும் வண்டியின் நிறம், போன திசை, எத்தனை நிமிஷம் ஆச்சு, இந்த மூன்றை முதலில் சொல்லிவிடுங்கள். கதையைப் பிறகு சொல்லலாம்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. அன்று சாயங்காலத்துக்குள் அவளிடம் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். வந்தவர்களெல்லாம் அவளை மடியில் உட்கார வைத்து "வெள்ளை வேனா தங்கம்? மீசை இருந்துச்சா? ரெண்டு பேரா?" என்று கேட்டார்கள். மதியம் ஒருவன் என்றவள் ராத்திரி டிரைவர் ஒருத்தன் உள்ளே இருந்தான் என்றாள். பொய் சொல்லவில்லை, பெரியவர்கள் கேட்டதைச் சேர்த்துக்கொண்டாள். இப்போது பதிவில் அந்த இரண்டாவது ஆள் இருக்கிறானா என்று தெரியவில்லை, வக்கீல் அந்த இடத்துக்கு வந்தாலே தலையைப் பிடித்துக்கொள்கிறார். ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" இந்த இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, நீங்கள் திருத்தாமல், தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வருகிற சொந்தத்துக்குக் காபி கொடுத்து முகப்போடு அனுப்பிவிடலாம்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "பிள்ளைதான் திரும்பி வந்துருச்சேம்மா, பொம்பளப் பிள்ளை பேரு வெளிய வந்தா நாளைக்கு உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் ஒருவர், அக்கறையோடுதான் சொன்னார் என்று அன்றைக்கு நம்பினேன். சி.எஸ்.ஆர். என்பது புகார் கொடுத்ததற்கான ரசீது, முதல் தகவல் அறிக்கை இல்லை. எனக்கு இது ஒன்பதாவது நாள்தான் தெரிந்தது. 18 வயசுக்குட்பட்ட பிள்ளையைப் பாதுகாவலரிடமிருந்து கடத்துவது புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை. முயற்சியோடு நின்றுபோனால் 62-ஆம் பிரிவு சேரும், தண்டனை அதில் பாதி, அதாவது மூன்றரை வருஷம் வரை. இந்தப் பாதி என்பதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று வருஷத்திலிருந்து ஏழுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு வழக்குப் போட, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. "விசாரிச்சிட்டு இருக்கோம்" என்று சொல்ல அது போதும். அப்படிச் சொன்னால், எந்த அதிகாரியின் அனுமதி, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கே போட மறுத்தால் அதே 173-ன் நாலாவது உட்பிரிவில் எஸ்.பி.க்குத் தபாலில் புகாரின் நகலை அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். நான் ஒன்பதாவது நாள் தபால் அனுப்பினேன், பதின்மூன்றாவது நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதன் நகல் இலவசம், யாருக்கும் ஒரு காபித்தண்ணி வாங்கித்தரக்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், பேர் சொல்லிக் கேளுங்கள். பெண்களையும் பதினைந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளையும் விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். நான் அவளை மூன்று தடவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். மூன்றாவது தடவை ஒரு திருடனை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டாள், அன்றையிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலும் என் முந்தானைக்குள் வந்துவிடுவாள்.

அந்தப் பதின்மூன்று நாளில் என்ன போனது என்றால், கேமரா. வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிற சாதாரணக் கேமராப் பதிவுப் பெட்டியில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் இருக்கும். 2 மெகாபிக்சல் கேமரா நாலு இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் பத்துப் பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும். கேமரா எட்டு என்றால் ஐந்தாறு நாள்தான். தெருவிலும் முக்கிலுமாக மூன்று இடத்தில் பதிவு இருந்தது. மருந்துக் கடையில் ஏழு நாள் பதிவுதான் நிற்குமாம், போலீஸ் கேட்டபோது இல்லை. அரிசிக் கடையில் பத்து நாள், அதுவும் இல்லை. பிழைத்தது ஒரு பூட்டின வீட்டுக் கேமரா. அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். சம்பவம் நடந்த மறுநாளே நான் போன் செய்ததும், "ஆத்தா, பெட்டியத் தொடாதீக, டிஸ்க்கக் கழட்டி வச்சிட்டுப் புதுசு போடச் சொல்றேன்" என்றார். புது டிஸ்க் 4,200 ரூபாய், நான் கொடுத்தேன். எட்டு மாதத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான பணம் அதுதான்.

அவர் சொன்ன முறைதான் சரி என்று பிறகு தெரிந்தது. டி.வி.யில் ஓடவிட்டு செல்போனில் படம்பிடித்தது வாட்ஸாப்புக்குத்தான் ஆகும், கோர்ட்டுக்குப் போதாது. ஏதாவது காரணத்தால் டிஸ்க்கைக் கழற்ற முடியவில்லை என்றால், சம்பவத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அரை மணி பின்னால் வரை பெட்டியிலிருந்தே நேராகப் பென் டிரைவில் ஏற்றுங்கள், பெயர் மாற்றவோ வெட்டவோ கூடாது. அதற்கு முன் பெட்டியின் கடிகாரமும் உங்கள் போன் கடிகாரமும் ஒரே படத்தில் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். இந்த வீட்டுப் பெட்டி 23 நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் போட்டோ இல்லையென்றால் நேரம் பொருந்தவில்லை என்றே தூக்கிப் போட்டிருப்பார்கள். புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழும் வேண்டும், அதில் இரண்டு பகுதி. ஒன்றைப் பதிவை வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றை நிபுணர். கோப்பின் ஹாஷ் எண் (கோப்பில் எதுவும் மாற்றவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் இருக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது போலீஸ்தான், ஆனால் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் கையெழுத்துக்கு அலைய வேண்டியது நாம்தான் என்று ஆகிவிடுகிறது.

வாட்ஸாப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் நாத்தனார் மகன் அன்றைக்கே மகளின் போட்டோவையும் மங்கலான வேன் படத்தையும் போட்டு "உஷார், பிள்ளை பிடிக்கிற கும்பல்" என்று அனுப்பிவிட்டான். ராத்திரிக்குள் பக்கத்து ஊரில் பாய், தலையணை விற்கிற வேன்காரர் ஒருவரை மறித்து இறக்கிவிட்டார்கள். நல்லவேளை, ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றார். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக இப்படி ஒரு வதந்தியில்தான் அடித்துக் கொல்லப்பட்டார். எங்கள் வீட்டுக் கஷ்டத்தில் இன்னொரு வீட்டில் சாவு விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பாதிக்கப்பட்ட குழந்தையின் பேர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் சிறை அல்லது இரண்டு லட்சம் அபராதம், அல்லது இரண்டும் வரை போகும். குடும்பமே போட்டாலும் பரவும், திரும்ப எடுக்க முடியாது. இன்றும் எங்களை யார் யாரோ "வாட்ஸாப்ல வந்துச்சே, அந்தப் பிள்ளையா?" என்று கேட்கிறார்கள்.

அதே வாட்ஸாப்பில்தான் ஐந்தாவது மாதம் இன்னொரு தப்பு செய்தேன். வேறு மாவட்டத்தில் பிடிபட்ட ஒருவன் படத்தை யாரோ அனுப்ப, "இவனா பாரு" என்று அவளிடம் காட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து அவனையே அடையாள அணிவகுப்புக்கு வைத்தார்கள். சிறைக்குள், மாஜிஸ்திரேட் முன்னால், அதே வயசு, அதே உடல்வாகு ஆட்களோடு கலந்து நிறுத்துவார்கள். அதற்கு முன்பே படம் பார்த்திருந்தால், அவள் சரியாகக் காட்டினாலும் படத்தைப் பார்த்துத்தான் காட்டினாள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவள் அன்று யாரையும் காட்டவில்லை. பயமா, அவன் இல்லையா, நான் காட்டின படம் குழப்பிவிட்டதா, மூன்றில் எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள், சிரித்தாள், சாப்பிட்டாள், பெரியவர்கள் "பிள்ளை மறந்துட்டா" என்றார்கள். மூன்றாவது வாரம் காலையில் வயிற்று வலி, ராத்திரி லைட்டை அணைக்கவிடாமல் அழுகை, வேன் கதவு இழுக்கிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வது. முதல் ஒரு மாதத்துக்குள் இப்படி இருப்பது பெரும்பாலும் தானாக அடங்கும், அதற்கு மேலும் நீடித்தால் கட்டாயம் காட்ட வேண்டும் என்று மதுரையில் பார்த்த டாக்டர் சொன்னார். நான் காட்டியதே இரண்டரை மாதம் கழித்துத்தான். நடுவில் மந்திரிக்கக் கூட்டிப்போனேன், கயிறு கட்டினேன். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், அப்பத்தாவுக்குத் தூக்கம் வந்தது. பிள்ளைக்கு வரவில்லை.

டாக்டர் செய்தது ஒன்றும் மாயமில்லை. பயப்படுகிற இடத்தைத் துண்டு துண்டாக்கினார். முதல் மூன்று நாள் பின்கதவைத் திறந்து வாசற்படியில் என்னோடு ஐந்து நிமிடம் உட்கார்வது. அடுத்து முதல் கரண்டு கம்பம் வரை நடந்து திரும்புவது. அடுத்து இரண்டாவது கம்பம், பிறகு நான் வாசலில் நிற்க அவள் மட்டும் முதல் கம்பம். ஒவ்வொரு தடவையும் பயம் பத்துக்கு எத்தனை என்று அவளே சொல்ல வேண்டும், மூன்றுக்குக் கீழே வந்தால்தான் அடுத்த படி. ஏழு, எட்டு என்று இருக்கும்போது பரிதாபப்பட்டு உள்ளே தூக்கி வந்தால், ஓடினால்தான் பயம் குறையும் என்று மனசு கற்றுக்கொண்டுவிடுமாம். நான் இரண்டு தடவை தூக்கி வந்தேன், இரண்டு தடவையும் ஒரு வாரம் பின்னால் போனோம்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் தம்பியைக் கவனிக்கவில்லை. பாயில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதமாகியிருந்தது, நான் அடித்துக்கொண்டிருந்தேன். சம்பவத்தைப் பார்க்காத பிள்ளைக்கும் வீட்டின் பயம் ஒட்டிக்கொள்ளும். மாமியார் "நாந்தானே அன்னிக்கு டியூசனுக்குப் போடின்னு விரட்டுனேன்" என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், எட்டு கிலோ இளைத்துவிட்டார். நானும் ஒரு நாள் கோபத்தில் "ஆமா, நீங்கதான் அனுப்புனீங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஒரே வீட்டில் பேச்சில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அவள் அப்பா நாலு கேமரா வாங்கிப் போடச் சொன்னார், 19,500 ரூபாய். வேலை நேரத்திலும் ராத்திரியிலும் அதையே பார்த்துக்கொண்டிருந்து, "பின்கதவு ஏன் திறந்திருக்கு?" என்று ஒரு மணிக்குப் போன் செய்வார். கடைசியில் டாக்டரே அவரிடம் வீடியோ காலில் பேசி, நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பார்ப்பது என்று ஒத்துக்கொள்ள வைத்தார். யார் அனுப்பியது, யார் கூட்டி வரவில்லை என்ற பேச்சை அந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்பது அவர் போட்ட இன்னொரு கட்டளை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பதினாலு தடவை கவுன்சிலிங் 12,600. மதுரைக்கு எட்டு தடவை கார் 22,400, மற்றபடி பஸ்தான். கேமரா, டிஸ்க் மேலே சொன்னது. பள்ளி ஆட்டோ எட்டு மாதம் 14,400. வக்கீல் 15,000. எனக்கு ஐந்து மாதச் சம்பளம் 80,000 போனது. இதில் வக்கீல் பணமும் கவுன்சிலிங் பணமும் மிச்சப்பட்டிருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாகத் தரும், 15100 எண்ணில் கேட்கலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அலறும்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. எனக்கு அந்த எண் ஆறாவது மாதம் தெரிந்தது.

வழக்கு நடக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது வரவில்லை, நானே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கினேன். சைக்கிளுக்கு மட்கார்டு மாற்றியாகிவிட்டது. இப்போது முன்தெரு வழியாக டியூஷனுக்கு ஓட்டிப் போகிறாள், கூட அந்த அக்காவின் மகளும் போகிறது. பின்தெருவில் மூன்றாவது கம்பம் வரை நடப்பாள், சைக்கிளில் மட்டும் அங்கே வரமாட்டேன் என்கிறாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.